செலக்ஷன் அக்காவின் சிவப்பு லைட்

ஆம்பூரில் தோலைப் பற்றிச் செலக்ஷன் அக்காவுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அது ஆட்டுத் தோலா, ஆள் தோலா என்ற சின்ன வித்தியாசத்தை மட்டும் அவர் கண்டுகொள்வதில்லை.

ஷூ கம்பெனியில் செலக்ஷன், அதாவது தோலைத் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. குறை தெரிகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுவார்; தேறிய தோலுக்கு ஓரத்தில் ஒரு டிக். அதே கண்ணோடுதான் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலுக்கும் வருவார். "வார்டன் செகண்ட் குவாலிட்டி. கழுத்தாண்ட சுருக்கம் ஜாஸ்தி" என்று வார்டன் எதிரிலேயே சொல்வார்.

முகம் முழுக்கப் பருவோடு அவர் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"ரிஜெக்ட் இல்லடி. லைனிங்குக்கு ஆவும்."

லைனிங் என்றால் ஷூவின் உட்புறம், யார் கண்ணிலும் படாத தோல். எனக்கும் அதுவே போதும் என்றிருந்தது. அதே கம்பெனியின் பின்னறையில் தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது சாம்பிள் ரூமில் ஓர் இடம் காலியானது. வெளிநாட்டுக்காரர்களிடம் நேரில் பேசுகிற வேலை.

"இந்த மூஞ்சிய வெச்சுக்கினு நான் போவலக்கா."

அக்கா என் பேரில் தானே மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில், சிவப்பு வெளிச்சம் பருவைக் குறைக்கும் என்று போட்டிருந்தது. நானே அதைப் படித்துக் காட்டித் தொலைத்தேன். மறுநாளே அக்கா ஷூ பெட்டி மூடியில் வரிசையாக ஓட்டை போட்டு, சிவப்பு எல்.இ.டி. சீரியல் பல்புகளைச் சொருகிவிட்டார். தினம் சாயங்காலம் கால் மணி நேரம் நான் அதன் எதிரில் உட்கார வேண்டும். கண்ணுக்குக் கறுப்புத் தோல் துண்டு. கணக்குத் தப்பாமலிருக்க ஒவ்வொரு பருவைச் சுற்றியும் சாக்பீஸ் வட்டம். மார்ச் மாதத்தில் எங்கள் ஜன்னலில் மட்டும் கிறிஸ்துமஸ்.

"கிள்ளாத. கிள்ளுனா கை மேலயே போடுவேன்."

வட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. வெளிச்சத்தாலா, கை வைக்காததாலா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இன்டர்வியூ அன்று ஐந்து பரு மிச்சமிருந்தது. அக்கா என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காதுக்குக் கீழே சாக்பீஸால் ஏதோ கீறினார். "போய்ட்டு வா" என்றார்.

மேனேஜர் தோலிலேயே ஊறியவர். என் சர்டிபிகேட்டைத் திறக்கவே இல்லை. காதுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா அது, டிக்கா? யாரு போட்டது?"

துடைத்துக்கொள்ளக் கை போனது.

"ரூம்ல ஒரு அக்கா சார். செலக்ஷன்ல இருக்காங்க."

"அந்தம்மாவா?" அவர் ஃபைலை மூடினார். "அவங்க பாஸ் பண்ணத மறுபடி பிரிச்சுப் பாக்குற பழக்கம் இங்க இல்ல. திங்கக்கெழமை வந்துடு."

அந்தப் பருக்களின் தழும்புகள் இன்றும் முகத்தில் இருக்கின்றன. யாராவது உற்றுப் பார்த்தால் என் கை தானாகக் காதுக்குக் கீழே போகும். பார்த்துக்கொள்ளட்டும், நான் செலக்ஷன் அக்கா பாஸ் பண்ணிய தோல்.