தாய் இறாலுக்கு என்ன போடுவது?

மாரெட்பள்ளி, செகந்திராபாத்
10 மே 2004

'நன்னீர் இறால் நண்பன்' ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, சந்தாதாரர் சம்பந்தம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குளங்களும் நலமாயிருக்க முருகன் துணை நிற்கட்டும். நான் ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. பிறவிச் சைவம், இறாலை வாயில் வைத்ததில்லை.

நிற்க. சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் என் மகன் வெங்கட் நான்கு வருஷமாக "வரப் பார்க்கிறேன்ப்பா" என்கிறான். பேத்தி சௌம்யாவுக்கு ஏழு வயது, தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான், போனில் என்னோடு பேச அவளுக்கு விஷயம் கிடையாது. மாடித் தொட்டியில் இறால் வளர்க்கப் போகிறேன் என்று சொன்ன அன்று மட்டும் பதினோரு நிமிஷம் பேசினாள். குஞ்சு பொரித்தால் ஜூன் லீவில் வருகிறேன் என்றாள். பின்னாலிருந்து வெங்கட்டும் சரி என்றான், எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

உடனே மார்க்கெட்டுக்கு ஓடினேன். மீன் கடை நூர் முகமது உயிர் இறாலில் சின்னதும் பெரிதுமாக அள்ளினார். சின்னது நக்கோ, வேணாம் பாய், பெற்றெடுக்கத் தெம்பு வேண்டாமா என்று பொறுக்கிப் பொறுக்கிப் பெரிசா ஆறு வாங்கினேன். முதல் மாசம் குருணைத் தீவனம் மட்டும் போட்டேன். அது உடம்பைத்தான் வளர்க்கும், முட்டைக்குக் கணவாயும் மட்டிச் சதையும் வேண்டும் என்று தங்கள் கட்டுரை சொன்னதால், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்னி அரைக்கிற மிக்ஸியிலேயே கணவாயை அரைத்தேன். முருகன் மன்னிப்பாராக. எனக்கு மோர் சாதம், அதுகளுக்கு அவித்த முட்டை, கேரட், கணவாய். ஐந்து வாரம் ஆச்சு, தின்னு தின்னு முழங்கை நீளம் வளர்ந்திருக்கே ஒழிய ஒன்றுக்காவது வயிற்றுக்கடியில் முட்டை இருக்கணுமே? போதாததற்கு ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறதுகள், ஒன்றுக்குக் கையே போய்விட்டது. மசக்கைக் கோபம் என்று நினைத்து வெல்லம்கூடப் போட்டுப் பார்த்தேன். தினமும் காலையில் டார்ச்சும் கையுமாகக் குனிந்து பார்த்து இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நீங்கள் எழுதியது பொய்யா, இல்லை, இன்னும் எதையாவது சேர்க்கணுமா? ஜூனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தங்கள் வீட்டாருக்கும் அச்சகத்தாருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
சம்பந்தம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், மகள் பிரசவத்துக்குக் காஜிப்பேட்டை போயிருந்த என் சமையல்காரம்மா லூர்துமேரி திரும்பிவிட்டார். தொட்டியை ஒரு தடவைதான் பார்த்தார். "ஐயா, ஆறும் ஆம்பளைங்க. நீளக் கை தெரியல? பொட்டை சின்னதாத்தான் இருக்கும்" என்றார். ஆகவே கட்டுரை மேல் குற்றமில்லை, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். வெங்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பரவாயில்லப்பா, இந்த ஜூன்ல எப்படியும் லீவு கிடைக்காது" என்றான். எனவே எனக்கு இப்போது கேள்வி ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒரு கார்டு பதில் போடுங்கள்.