மெத்வல்லி காய்ச்சிய நொதிப்பொடி

ஒரே ஒரு நாள் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்து, மீதி ஆயுளையெல்லாம் நிபுணராகக் கழிக்கும் ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். போகும்போது நம்மைப் போலத்தான் போவார். திரும்பும்போது தலையில் கம்பெனி கொடுத்த தொப்பி, அங்கிப் பையில் கம்பெனி கொடுத்த பேனா, கையில் ஒரு கிலோ மாதிரிப் பொட்டலம், நாக்கில் புதிதாக ஒரு சொல்.

எங்கள் ஊர் மெத்வல்லிக்கு வாய்த்த சொல் நொதி. தன்தா நகரத்தில் தீவன வியாபாரிகள் நடத்திய கூட்டத்தில், கோழிச்சோறு வருவதற்கு முந்திய அரைமணி நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து காப்பிக்கடையில் யார் எதைத் தொடங்கினாலும் பேச்சு மாட்டு வயிற்றுக்குள் போய்த்தான் முடிந்தது.

"மாடா வைக்கோல செரிக்குது? இல்லப்பா! உள்ளே கண்ணுக்குத் தெரியாத கூலியாளுங்க கோடிப் பேரு. நொதிங்கிறது அவங்க கையில நாம குடுக்குற அரிவாள்!"

சொன்னது சரிதான். நிபுணர்கள் பாதியைச் சரியாகத்தான் சொல்வார்கள். கடைக்காரர் தனக்கும் வயிறு உப்புசமாக இருக்கிறது என்றதும், அவருக்கும் மாதிரிப் பொட்டலத்துப் பொடியில் அரைக் கரண்டி சிபாரிசு செய்தாரே, அதுதான் மீதிப் பாதி.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதி இல்லை. நிபுணருக்குச் சவால் விடாமல் தூக்கம் வருமா?

"நம்ம சம்ரா ஒரே வாரத்துல ரெண்டு கிலோ பால் கூடக் கறப்பா. கறக்கலன்னா கோளாறு மாட்டுலதான். திங்கக்கிழமை சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிடுறேன்!"

கவனித்தீர்களா? பொடி தோற்கவே முடியாது. தோற்றால் மாடுதான் தோற்கும்.

சம்ராவைத் தாயில்லாக் கன்றாக எடுத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவர் மனைவி இன்ஷிராஹ். கோடை முழுக்க வெறும் வைக்கோலைத் தின்றதில் அதன் பால் நாளுக்கு ஐந்து கிலோவுக்கு இறங்கியிருந்தது. செய்தி கேட்டதும் அவரிடம் போய் நின்றாள். பொட்டலத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதற்குள் மெத்வல்லி அடுப்பில் கெட்டிலை ஏற்றிவிட்டார்.

"ரிதா அப்பா, வெந்நீரே ஆகாதுன்னு போட்டிருக்கு. தீவனத்து மேல தூவணுமாம். சூடு பட்டா செத்துப் போயிடுமாம்."

"அது வெளிநாட்டு மாட்டுக்கு எழுதினது. நீ தேயிலையப் பச்சத்தண்ணியிலயா போடுற? கொதிச்சாத்தானே சாரம் எறங்கும்!"

எங்கள் ஊரில் இந்த வாதம் எடுபடும். தேநீர் தார் நிறத்துக்கு வரும்வரை கொதிக்கவிட்டு, கண்ணாடித் தம்ளரில் பாதிக்குச் சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் நாங்கள். பொடியும் அப்படியே கொதித்தது. சர்க்கரையும் விழுந்தது. ஆறவைத்து வைக்கோலில் ஊற்றிவிட்டு அவர் ஆணையிட்டார்: "வாரம் முழுக்க இது மட்டுந்தான். பரிசோதன நடக்குது, கலப்படம் கூடாது."

மூன்று நாள் சம்ரா அதைக் குடும்பக் கடமைபோலத் தின்றது. பால் அதே ஐந்து கிலோ. நான்காம் நாள், மெத்வல்லி நொதி பற்றிப் பேசக் காப்பிக்கடைக்குப் போன நேரம் பார்த்து, இன்ஷிராஹ் அரிவாளோடு வயலுக்குப் போனாள். குளிர்காலத்தில் மாட்டுக்கென்றே விதைக்கும் பர்சீம் தழை முழங்கால் உயரம் வந்திருந்தது. முதல் அறுப்பு. வயிறு ஊதாதபடி அளவாக வெட்டி, வைக்கோலோடு கலந்து, மேலே இன்னும் கொஞ்சம் வைக்கோலைப் பரப்பி மூடினாள். தினமும் கொஞ்சம் கூட்டினாள். திங்கட்கிழமை காலை பால் எட்டுக் கிலோ.

மெத்வல்லி பால்வாளியைத் தெருவெல்லாம் காட்டினார். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு ஹாஜி பஸ்யூனி வாளியைப் பார்க்கவில்லை; மாட்டைப் பார்த்தார்.

"ஏப்பா மெத்வல்லி, வாயெல்லாம் பச்சையா இருக்கே?"

 இன்ஷிராஹ் பரிசோதனையைக் கெடுத்தாள் என்று தெரிந்தால், வீம்புக்காகவே மனுஷன் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார். மெத்வல்லி குனிந்தார். சம்ராவின் உதட்டைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாத்தீங்களா ஹாஜி! இதான் நொதி! உள்ள போனதும் காஞ்ச வைக்கோல் மறுபடி பச்சையா மாறிடுது!"

ஹாஜி இன்ஷிராஹைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "எல்லாம் பொடியோட மகிமைதான்."

சம்ரா சந்தைக்குப் போகவில்லை. அன்று மத்தியானமே ஹாஜி வீட்டிலும் கெட்டில் கொதித்தது; ஹாஜியின் மனைவி மதில்மேல் எட்டி, "எவ்வளவு தழைடி போட்ட?" என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று நீங்கள் சொன்ன வழியிலேயே நடந்து நன்றாக முடிந்து, "எல்லாம் நீங்க சொன்னதாலதான்" என்று எதிரில் இருப்பவர் கொஞ்சமும் வாதாடாமல் ஒப்புக்கொண்டால், தெருவுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். வைக்கோலைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள்.