காலையில் லட்சுமி, மாலையில் எமன்

1994 ஏப்ரலில் மைசூர் அக்ரஹாரத்தில் புதிதாக ஒரு தெய்வ வாக்கு பிறந்தது. பிறந்த இடம், லிங்கம்மா வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரத்துப் பொந்து. விடியும்போதும் பொழுது சாயும்போதும் உள்ளேயிருந்து "கிர்ர்... கிர்ர்..." என்று கேட்கும். ஸ்கூட்டர்கள் நின்றன. தேங்காய்கள் உடைந்தன. மரத்தடியில் கெம்பையன் ஜோசியர் பாயை விரித்தார்.

கன்னடக்காரர்களுக்கு அந்தப் பறவை ஹாலக்கி. அது பேசினால் நல்ல சகுனம். தமிழர்களுக்கு அதே பறவை ஆந்தை. அது அலறினால் வீட்டில் சாவு. கெம்பையனுக்கோ இரண்டு மொழியும் தெரியும். ஆகவே காலையில் கன்னடத்தில் லட்சுமியை வரவழைத்தார். மாலையில் தமிழில் எமனை வரவழைத்தார். இருவருக்கும் தட்சிணை உண்டு. தேசிய ஒருமைப்பாட்டை இதைவிட யாரால் வளர்க்க முடியும்!

எமன் வந்து நின்றது, லிங்கம்மா வீட்டு மாடியில் குடியிருந்த தமிழ்க்காரி மகேஸ்வரியின் வீட்டில். மகன் முரளிதரனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். மருமகள் வடிவு, தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி கிராமத்துப் பெண். அவள் வந்த வாரம்தான் சத்தமும் தொடங்கியது. போதாதா?

"இந்தப் பொண்ணு காலடி எடுத்து வெச்சதும் அது கூப்பிட ஆரம்பிச்சிடுச்சு. அமாவாசைக்குள்ள தாய்வீட்டுக்கு அனுப்பிடும்மா. இல்லேன்னா உன் பையன் உசுருக்கு நான் ஜவாப்தாரி இல்லே" என்றார் கெம்பையன்.

தொழிற்சாலையில் பெரிய இயந்திரங்களை ஓட்டுகிற முரளிதரன், அம்மா சொன்னதும் வடிவின் பெட்டியைக் கட்டினான். அமாவாசைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று முழுக்க வடிவு அழுதாள். பிறகு ஜன்னலைத் திறந்து, சத்தம் போடுவது யார் என்று பார்த்தாள். தெருவில் வேறு யாருக்கும் தோன்றாத காரியம் அது.

ஜன்னலுக்கு நேரே பொந்து. பத்து நாள் பார்த்தாள். உள்ளே மூன்று குஞ்சுகள். முதலில் பஞ்சு உருண்டைகளாக இருந்தன. பிறகு இறகு முளைத்தது. பிறகு வாசலில் நிற்க ஒன்றையொன்று நெட்டித் தள்ளின. பெரியது ஒரு காலை வெளியே வைப்பதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்த அன்று, வடிவு கீழே போய் லிங்கம்மாவை அழைத்தாள். அன்று காலையில்தான் கெம்பையன், அதே பறவையின் வாக்கில் லிங்கம்மாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்.

"அக்கா, சாயங்காலமும் வந்து கேளுங்க" என்றாள் கன்னடத்தில்.

மாலையில் நல்ல கூட்டம். கெம்பையன் கண்ணை மூடி, "சாவு... சாவு கூப்பிடுது..." என்றார்.

லிங்கம்மா எழுந்தாள். "ஏன் சாமி, காலையிலே ஒள்ளே சகுனம்னு சொன்னீங்க. சாயங்காலமானா ஈக சாவா? என் மகளுக்கு வர்றது மாப்ளேயா, எமனா?"

கூட்டத்தில் சிரிப்பு. கெம்பையன் அசரவில்லை. "காலையிலே பேசறது ஹாலக்கி. சாயங்காலம் அலறுறது உருவமில்லாத துர்தேவதை. அதைக் கண்ணால பாத்தவன் ரத்தம் கக்கிச் சாவான்!"

"ஏனுங்க சாமி, நான் பத்து நாளாப் பாத்துட்டிருக்கறனுங்க" என்றாள் வடிவு ஜன்னலிலிருந்து. "ஒரு தும்மல்கூட வரலீங்க. எல்லாரும் சத்தம் போடாம மேல பாருங்க."

பார்த்தார்கள். ரத்தம் கக்கப் பயந்த மகேஸ்வரி மட்டும் ஒரு கண்ணால் பார்த்தாள்.

பெரிய குஞ்சு வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தது. உருண்டைக் கண்ணால் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டியது. "கிர்ர்ர்!" சாட்சாத் துர்தேவதையின் குரல்! தாய் ஆந்தை ஒரு கரப்பான்பூச்சியைக் கொண்டுவந்து அதன் வாயில் திணித்தது. குரல் நின்றது.

"பசிங்க, சாமி" என்றாள் வடிவு.

இரண்டாவது குஞ்சும் வந்தது. மூன்றாவதற்கு அவசரம்; கால் இடறி, தொப்பென்று கெம்பையன் மடியில் விழுந்தது.

"அய்யோ, தேவ்ரே!" எமனையே ஏவுகிறவர், கையளவு குஞ்சுக்குப் பயந்து செருப்பில்லாமல் ஓடினார்.

வடிவு இறங்கி வந்து, குஞ்சைத் துண்டில் எடுத்துத் தாழ்ந்த கிளையில் விட்டாள். அது தத்தித் தத்தி அண்ணன்மாரிடம் ஏறிப்போனது.

மகேஸ்வரி உதட்டைத் துடைத்துப் பார்த்துக்கொண்டாள். ரத்தம் இல்லை. "சரி, மேல வா வடிவு."

"என் பெட்டியைக் கட்டினவங்களே பிரிச்சு வெக்கட்டுங்க அத்தை. அப்பறம் வர்றேன்."

முரளிதரன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

பிறந்து ஒரு மாதமே ஆன குஞ்சுகள், வெளியே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தன, பயந்தன, ஆனாலும் வந்துவிட்டன. ஐம்பது வயதாகியும் பொந்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, நீங்கள் எப்போது வருவதாக உத்தேசம்?