பின் சீட்டில் வைத்த இசைத்தட்டு

காரின் பின் சீட்டிலிருந்து துணிப்பையை எடுத்தபோதே மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கை சுட்டது. பைக்குள் மேலும் கீழும் தடித்த அட்டை வைத்துக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்து, உறைக்குள்ளிருந்த இசைத்தட்டை மெதுவாக உருவினார். தட்டையாக இருக்க வேண்டிய தட்டு, ஓரம் தூக்கிக்கொண்டு, குழம்பு ஊற்றிச் சாப்பிடலாம் போலக் குழிந்திருந்தது.

மத்தியானம் முழுக்க வெயிலில் நின்ற கார். முந்தின நாள் ராத்திரி வாங்கி வந்த பையைப் பிரிக்கவே இல்லை. காலையில் கடையைத் திறக்கும் அவசரத்தில் அது பின் சீட்டிலேயே கிடந்துவிட்டது. தட்டு அவருடையதாக இருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு மறந்திருப்பார். இது புரொஃபசருடையது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் புரொஃபசர் வீட்டு மாடியறையில் இசைத்தட்டுப் பிரியர்கள் கூடுவார்கள். தட்டு சுழலும்போது யாரும் பேசக் கூடாது. இருமல் வந்தால் வராந்தாவுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். புரொஃபசர் தன் அபூர்வமான வயலின் தட்டு ஒன்றைச் சுற்றுக்கு விட்டிருந்தார். சுற்றில் மூன்று பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் அது ஒரு வாரம் தங்கும். திருப்பிக் கொடுப்பவர் எல்லோர் முன்னாலும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். பேங்க் மேனேஜர், வயலின் அலை அலையாக வந்து நெஞ்சில் மோதியது என்றார். பல் டாக்டர், ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்ட மாதிரி இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது ஆள் கண்ணாடிக் கடைக்காரர். அவரோடு சுற்று முடிந்து, தட்டு சொந்தக்காரரிடம் சேரும். அன்றைக்கு எல்லோருமாக உட்கார்ந்து அதைக் கேட்பார்கள்.

கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் அவர்தான். கடையில் நாள் முழுக்க, "இது தெளிவா, முந்தினது தெளிவா?" என்று மற்றவர்களைக் கேட்கும் பிழைப்பு. வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த மாடியறை ஒன்றில்தான் அவர் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாற்காலி இப்போது போய்விடும் போலிருந்தது.

"நேரா போய்ச் சொல்லிடுங்க. மனுஷன் உங்களைக் கடிச்சா தின்னுடப் போறாரு?" என்றாள் மனைவி.

"உனக்கு அவரைத் தெரியாது. தட்டுல ஒருத்தர் விரல் பட்டதுக்கு வருஷக்கணக்கா அவர்கிட்ட பேசாம இருக்காரு."

"அப்போ நிமித்திடுங்க. பாரம் வச்சா எதுதான் நிமிராது?"

சொல்வது சுலபம். கடை ஷோகேஸிலிருந்து இரண்டு கண்ணாடிப் பலகைகளைக் கழற்றி வந்து, நடுவில் தட்டை வைத்து, மெத்தைக்கு அடியில் தள்ளினார். பாரத்துக்குத் தானே மேலே படுத்தார். புரண்டால் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி முழுக்க விறைத்துக் கிடந்தார். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கம் மேலே போன தட்டு இப்போது இன்னொரு பக்கம் கீழேயும் போயிருந்தது. அவருடைய முதுகும் கிட்டத்தட்ட அதே வாக்கில்தான் இருந்தது.

மைத்துனன் போனில் யோசனை சொன்னான். வெயில்தானே வளைத்தது, திருப்பிப் போட்டு அதே வெயிலில் வைத்தால் வந்த வழியே திரும்பிப் போகும் என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மொட்டை மாடியில் தட்டைக் கவிழ்த்து வைத்து, பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். கீழே கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று மனைவி கூப்பிட்டாள். போய்விட்டு வருவதற்குள் தட்டு தொப்பியாகிவிட்டது.

மனைவி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெங்காயம் போட்டு வைக்கலாம். நடுவுல ஓட்டை இருக்கு, காத்தோட்டமா இருக்கும்."

அவர் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அழுகைதான் வந்தது. ஐம்பது வயதை நெருங்கும் மனிதர் ஒரு தட்டுக்காக அழுதார் என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்பதால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் புரொஃபசர் போன் செய்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். அற்புதம்."

"ரெண்டாவது பக்கம்?"

"அது அதை விட அற்புதம் சார்."

"தட்டு நல்லா இருக்குல்ல?" புரொஃபசரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இல்ல, ஏதாவது சொல்லணும்னா தயங்காம சொல்லுங்க."

"சொல்ல என்ன சார் இருக்கு? வச்சது வச்ச மாதிரி இருக்கு."

புரொஃபசர் ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டு வைத்தார். தெரிந்துவிட்டது, ஆழம் பார்க்கிறார் என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டினார். அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

கடையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கே ஒரு வழி தோன்றியது. மூக்குக் கண்ணாடி ஃபிரேம்களைச் சூடு காட்டி வளைப்பதற்கு அவரிடம் ஒரு சின்ன ஹீட்டர் இருந்தது. கோணல் மாணலாக வரும் எத்தனையோ ஃபிரேம்களை அதில் காட்டி நிமிர்த்தியிருக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, கடைக் கதவைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினார். ஓரம் இளகியது. மெல்ல அழுத்தினார். தட்டும் பணிந்து கொடுத்தது. அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. இன்னும் ஒரே ஒரு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும் என்று அழுத்தினார். படக்கென்று சத்தம் கேட்டது. இடது கையில் பாதி, வலது கையில் பாதி.

இனி நிமிர்த்த ஒன்றும் இல்லை. அதே தட்டில் இன்னொரு பிரதி வேண்டும்.

ஊரில் இருந்த பழைய இசைத்தட்டுக் கடைகளையெல்லாம் ஏறி இறங்கினார். கடைசியாக ஒரு கிழவர் கடையில், பூட்டிய அலமாரியில், அந்த வயலின் தட்டு இருந்தது. கிழவர் பணத்துக்குத் தர மாட்டேன் என்றார். கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு புல்லாங்குழல் தட்டு இருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தால் இதைத் தருவதாகச் சொன்னார்.

அவரிடம் இருந்த நல்ல தட்டு அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் மனைவிக்குத் தெரியாமல் வாங்கி, தெரிந்த பிறகு இருவருமாகக் கேட்ட தட்டு. வீட்டுக்குப் போய் அதை ஒருமுறை கேட்டார். மனைவியும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடுத்துத்தான் ஆகணுமா?"

"நான் கெடுத்தேன். நான்தானே குடுக்கணும்."

அவள் எழுந்து முள்ளைத் தூக்கினாள். தட்டைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தாள். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிறவர் மாதிரி அவர் கடையிலிருந்து திரும்பி வந்தார்.

வந்த தட்டோ புத்தம் புதிதாகப் பளபளத்தது. புரொஃபசரின் உறைக்குள் அதைப் போட்டுப் பார்த்தபோது, மாப்பிள்ளை வேறே, சட்டை வேறே என்று காட்டிக் கொடுத்தது. அதையும் சரி செய்யலாம் என்று அலமாரிக்கு மேலிருந்த தூசியை விரலில் தொட்டு லேசாகப் பூசினார். அது திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. துடைத்தார், துணியின் நூல் ஒட்டியது. நூலை ஊதினார், எச்சில் தெறித்தது. கடைசியில் மனைவி அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, அட்டை வைத்துக் கயிறு கட்டி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கண்ணில் காட்டவில்லை.

மாடியறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். புரொஃபசர் கயிற்றை அவிழ்த்தார். தட்டை உருவிக் கண் மட்டத்துக்குத் தூக்கி, அதன் ஓரத்தை ஒரு சுற்று பார்த்தார். நின்று, இன்னொரு சுற்று பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டு சுழன்றது. முள் இறங்கியது. வயலின் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல் எழுந்தது.

பேங்க் மேனேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பல் டாக்டர் சுழலும் தட்டையே பேயறைந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பல் டாக்டருக்குப் புரையேறியது. வராந்தாவுக்குப் போக வேண்டும் என்ற விதியையும் மறந்து அங்கேயே இருமினார்.

பக்கம் முடிந்ததும் அவர் மெல்லக் கேட்டார். "சார், இது... அதே தட்டுதானா?"

கண்ணாடிக் கடைக்காரருக்கு அறை சுற்றியது.

"வேற எது?" என்றார் புரொஃபசர், பட்டென்று. பிறகு கண்ணாடிக் கடைக்காரரின் தோளில் கை போட்டார். இவ்வளவு பொறுப்பான ஒருவரை இத்தனை காலமாகத் தான் பார்த்ததில்லை என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். உள்ளே போய், கயிறு கட்டிய இன்னொரு துணிப்பையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். இதில் இருப்பது இன்னொரு அபூர்வத் தட்டு, இது யாரிடமும் சுற்றுக்குப் போகாது, அவரிடம் மட்டும்தான் போகும் என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜரும் டாக்டரும் மற்றவர்களைவிட வேகமாகத் தட்டினார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் மடியிலிருந்த பையையே பார்த்தார். நாற்காலி தப்பித்துவிட்டது. ஆனால் தோளில் கை போட்ட மனிதரை ஏமாற்றிவிட்டு அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது? புரொஃபசரிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை. காப்பிக் கோப்பையை வைக்கிற சாக்கில், பையையும் இடுக்கிக்கொண்டு கீழே சமையலறைக்குப் போனார். புரொஃபசரின் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் வந்து உட்காராத, யாரிடமும் அதிகம் பேசாத அம்மாள்.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்த வயலின் தட்டை கார்ல வெயில்ல வச்சு வளைச்சிட்டேன். இப்போ மேல பாடினது அது இல்ல. நான் வேற வாங்கி வச்சது. நீங்கதான் சார்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

அந்த அம்மாள் குழாயை மூடினார். மாடிப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீங்க வளைக்கலீங்க, அதை இவரே ஜன்னலோரம் வச்சு எப்பவோ வளைச்சிட்டாரு, மனசாட்சி உள்ள ஒருத்தன் கையில சிக்குற வரைக்கும் சுத்தட்டும்னுதான் கட்டிக் கட்டிக் குடுத்துட்டிருந்தாரு... இப்போ உங்க கையில இருக்கே, அது மேல இஸ்திரிப் பெட்டிய வச்சது நானு."