சிவக்காத ஆரத்தி

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் பஸ்ஸில் வெள்ளிக்கிழமை ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. நிற்க இடம் கிடைத்தாலே அம்மன் அருள். "மஞ்சத்தண்ணி எல்லாம் எறங்கு!" என்றுதான் கண்டக்டர் ஸ்டாப்பைச் சொல்வார். அந்த ஊருக்கென்று இருந்த பெயர் மறைந்து ஆறு மாதம் ஆகிறது. புண், சீழ், காய்ச்சல், விடாத இருமல் எதுவாக இருந்தாலும், காவிரிக்கரைத் தென்னந்தோப்பில் குடியிருக்கும் மஞ்சள் சித்தரின் தீர்த்தம் மூன்றே நாளில் ஆற்றிவிடும் என்று பேச்சு. தோப்பு வாசலில் இளநீர்க் கடை, காலி பாட்டில் கடை, செருப்பைப் பாதுகாத்துத் தர ஓர் ஆள். அறிவைப் பாதுகாத்துத் தரவும் ஒரு கடை போடலாம்தான். ஆனால் அதை அங்கே யாரும் கொண்டு வருவதில்லை என்பதால் வியாபாரம் ஆகாது.

அற்புதம் காலை பத்து மணிக்கு நடக்கும். பித்தளை அண்டாவில் காவிரித் தண்ணீரை ஊற்றி எல்லோருக்கும் காட்டுவார்கள். திரை மூடும். உள்ளே உடுக்கைச் சத்தம். திரை விலகினால் தண்ணீர் மஞ்சளாக மின்னும்.

"அம்மன் மொகத்துல பூசுன மஞ்சள் கரைஞ்சு வந்திருக்குது! சுத்தமான மஞ்சள். வேற ஒண்ணுமில்லை!" என்று சித்தர் முழங்குவார். பிறகு சட்டம் சொல்வார். "மூணு நாள் குடி. நாலாம் நாள் வாயில வெச்சா அம்மன் கோவிச்சுக்குவா. மறுபடி சீழ் வெச்சா மறுபடி வா."

சித்தர் காசைக் கையால் தொடுகிறவர் இல்லை. அதனால் உண்டியலைக் காலால்தான் பக்தர்கள் பக்கம் நகர்த்துவார்.

இதில் பெரிய வேடிக்கை, தீர்த்தம் வேலை செய்தது. மெய்யாகவே புண் காய்ந்தது, காய்ச்சல் இறங்கியது. வெறும் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறவனை நாலு பேராவது சந்தேகப்படுவார்கள். குணமாக்கி ஏமாற்றுகிறவனை யார் சந்தேகப்படுவது?

காளியண்ணனும் சந்தேகப்படவில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர் அவர். உடம்பில் சர்க்கரை உண்டு. ஒருநாள் இரும்புத் தகடு வழுக்கி வலது பாதத்தில் விழுந்து கிழித்தது. மெடிக்கலில் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வேளையில் வலி நின்றது. வலி நின்ற பிறகு மாத்திரை சாப்பிடுவது வீண் செலவல்லவா? மிச்சத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். சாமி காப்பாற்றினார், மாத்திரையை மட்டும்.

புண் மறுபடி சீழ் வைத்தது. அவர் மனைவி அங்கம்மாள் தோப்புக்கு ஓடினாள். மூன்று நாள் தீர்த்தம், புண் காய்ந்தது. பத்து நாளில் மறுபடி சீழ், மறுபடி மூன்று நாள். இப்படி நான்கு முறை. ஐந்தாம் முறை தீர்த்தம் தொண்டைக்குள் இறங்கியது, காய்ச்சல் இறங்கவில்லை. கால் பூசணிக்காயாக வீங்கிப் பாதம் கறுத்தபோது, பட்டறை ஆட்கள் அங்கம்மாளைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே ரத்தம், சீழ் சோதிக்கும் லேபில் இருந்தவள் தனப்பிரியா. வாழப்பாடிப் பெண். காளியண்ணனின் சீழில் இருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தடவிய காகிதப் பொட்டுகளை அதன்மேல் வைப்பது அவள் வேலை. மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக வெளி விழும்.

"பதினோரு மருந்து வெச்சுப் பாத்தேங்கக்கா. பத்து கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. டாக்டர் அதைத்தான் ஏத்தப் போறாரு. அதுவும் கேக்காம போச்சுன்னா காலு மட்டுமில்ல, உசுருக்கே ஆபத்து" என்று அங்கம்மாளிடம் சொன்னாள்.

"மருந்து எப்படி சாமி கேக்காம போவும்?" என்றாள் அங்கம்மாள். அவளுக்குத் தெரிந்து சொன்ன பேச்சுக் கேட்காதவர் காளியண்ணன் ஒருவர்தான்.

மறுநாள் அவள் முந்தானைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துப் புருஷன் வாயில் ஊற்றும்போது நர்ஸ் பிடித்துவிட்டாள். ஒரே ரகளை. தனப்பிரியா சத்தம் போடவில்லை. "எனக்குக் கொஞ்சம் குடுங்கக்கா" என்று கேட்டு வாங்கிப் போனாள்.

அடுத்த நாள் அங்கம்மாளை லேபுக்குக் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினாள். சாதாரணக் கிருமி வளர்ந்த தட்டு. நடுவில் தீர்த்தத்தில் நனைத்த காகிதம். சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். "இதுல கிருமி செத்திருக்கு" என்று அவள் ஆரம்பித்ததுதான் தாமதம். அங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனை எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் மோகனூர் ரோட்டில் ஃப்ளெக்ஸ் முளைத்தது. 'ஆஸ்பத்திரி ஆய்வில் நிரூபணம்! கிருமியைக் கொல்லும் அன்னையின் மஞ்சள்!' உபயம்: பக்தர் பேரவைத் தலைவர் முருகானந்தம். விஞ்ஞானத்தைத் திட்டுகிறவர்களுக்குத்தான் விஞ்ஞானத்தின் சர்டிபிகேட் மேல் எவ்வளவு ஆசை!

தனப்பிரியா மறுபடி அங்கம்மாளைப் பிடித்து உட்கார வைத்தாள். "பாதி கேட்டுட்டு ஓடிட்டீங்களே. இந்த ரெண்டாவது தட்டைப் பாருங்க. இது அண்ணன் கால்ல இருந்த கிருமி. அதே தீர்த்தம்தான் வெச்சேன். வட்டம் இருக்குதா?"

இல்லை. காகிதத்தின் விளிம்பு வரை கிருமி மண்டிக் கிடந்தது.

"வெறும் மஞ்சத்தண்ணிக்கு மொதத் தட்டுல அவ்ளோ பெரிய வட்டம் விழாதுக்கா. இதுல ஏதோ மருந்து கலந்திருக்கு. அரைகுறையா குடுத்துக் குடுத்து நிறுத்துனதுல, நோஞ்சான் கிருமியெல்லாம் செத்து முரட்டுக் கிருமி தங்கிருச்சு. மெடிக்கல் மாத்திரைல ஆரம்பிச்ச வேலைய உங்க தீர்த்தம் முடிச்சிருக்கு."

"அது மஞ்சளுங்க சாமி! கையில தொட்டா ஒட்டுதுங்களே!"

"மஞ்சள்னா சுண்ணாம்பு போட்டா செவக்கணும் இல்ல?"

அங்கம்மாளின் இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு சுண்ணாம்பு டப்பி எப்போதும் இருக்கும். ஆனாலும் அதை அப்போது எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோப்பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். திரை விலகியது, தண்ணீர் மஞ்சளாகியிருந்தது, சித்தர் ஆசி வழங்கக் கையைத் தூக்கினார். அங்கம்மாள் பித்தளைத் தட்டோடு முன்னால் வந்தாள்.

"சாமிக்கு ஆரத்தி எடுக்கோணுமுங்க. ஊட்டு மஞ்சள் எதுக்குங்க? அம்மன் மஞ்சள்லயே எடுக்கறனுங்க."

கூட்டம் கை தட்டியது. முருகானந்தமே ஒரு சொம்பு தீர்த்தத்தை மொண்டு தட்டில் ஊற்றினார். சித்தரின் முகம் மட்டும் வேர்த்தது.

"வேண்டாம் தாயி. தீர்த்தம் குடிக்கறதுக்கு. ஆரத்திக்கு ஆவாது."

அதற்குள் அங்கம்மாளின் விரல் சுண்ணாம்போடு தட்டில் இறங்கிவிட்டது. கலக்கினாள். மஞ்சள். இன்னொரு விரல் போட்டாள். கலங்கிய மஞ்சள். டப்பியையே வழித்துப் போட்டாள். சிவந்துவிட வேண்டும் என்றுதான் அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். சிவந்தால் சாமி மெய். அத்தனை முறை புருஷன் வாயில் தன் கையால் ஊற்றியது தப்பில்லை என்று ஆகும். தண்ணீர் சிவக்கவில்லை.

"சுண்ணாம்பு தீட்டு!" என்று சித்தர் கத்தினார்.

குங்குமக் கடைக்காரி அத்தாயி ஒரு மஞ்சள் பொடிப் பாக்கெட்டோடு வந்தாள். சொம்பில் பச்சைத் தண்ணீர், ஒரு சிட்டிகை பொடி, அதே டப்பியில் ஒட்டியிருந்த அதே தீட்டுச் சுண்ணாம்பு. ரத்தச் சிவப்பு. அங்கே இருந்தவர்களுக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் கல்யாணமான பெண்ணுக்கும் பிள்ளை பெற்று வந்தவளுக்கும் ஆரத்தி கரைக்காத வீடு அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

சுப்பையன் என்று ஒருவர், முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவர், தட்டை மோந்து பார்த்தார். "ஏனுங்க, எங்க பண்ணையில கோழிக்குச் சளி புடிச்சா தண்ணி டேங்க்குல ஒரு பொடி கலக்குவமுங்க. அந்த வாசமாட்டம் இருக்குதுங்களே!" அவர் திரைக்குள் நுழைந்து ஒரு சாக்கை இழுத்து வந்தார். சாக்கு நிறைய பாக்கெட். பாக்கெட்டில் ஒரு கோழி, கீழே 'கால்நடைகளுக்கு மட்டும்'.

முருகானந்தம் அப்போதும் விடவில்லை. "அதனாலென்னங்க? சேவல் முருகன் கொடியிலயே இருக்குதுங்களே!"

"அது சேவலுங்க. இது முட்டைக் கோழி" என்றார் சுப்பையன். பிறகு சித்தரின் தாடியை உற்றுப் பார்த்தார். "அட, நம்ம செங்கோடன்! எங்க பண்ணையில மருந்து கலக்கிட்டிருந்த ஆளுதானே நீயி?"

ஆமாம், அவரேதான். கோழிகள் உண்டியலில் போடுவதில்லை என்பதால் மனிதர்களிடம் வந்திருந்தார். அந்த மூன்று நாள் கணக்கு என்ன என்று நாலு பேர் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது உண்மை வந்தது. "பண்ணையில கோழிக்கு மூணு நாள் கலக்குவமுங்க. அதே பழக்கம்." நாலாம் நாள் வாயில் வைத்தால் அம்மன் கோபிப்பாள் என்று ஜில்லாவே பயந்து கிடந்ததெல்லாம் கோழிக்கான கணக்கு.

"நான் என்ன வெசமா குடுத்தேன்? மருந்துதானே குடுத்தேன்!" என்று செங்கோடன் அழுதார்.

"மருந்தக் குடுத்தே மருந்து கேக்காம பண்ணிப் போட்டியேடா!" என்று அங்கம்மாள் தட்டை அவர் தலையில் கவிழ்த்தாள். போலீஸ் வந்து அவரை மஞ்சளாகவே ஏற்றிக்கொண்டு போனது.

மிஞ்சிய அந்த ஒரு மருந்து காளியண்ணனின் உயிரைக் காப்பாற்றியது. காலைக் காப்பாற்ற அதற்கு நேரமில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி படுத்திருந்தவர், ரத்தம் எடுக்க வந்த தனப்பிரியாவிடம் கேட்டார்.

"ஏன் சாமி, கிருமிக்கு மூளை இருக்குதுங்களா?"

"இல்லீங்கண்ணா."

"அப்பறம் எப்படி அத்தனை மருந்தையும் ஏமாத்தப் படிச்சுது?"

"ஒவ்வொரு தடவையும் அடி வாங்கிப் பொழைச்சது மட்டும் குட்டி போட்டுச்சு. அவ்ளோதாங்கண்ணா."

அங்கம்மாள் அன்றைக்கே வீட்டுக்குப் போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்த மாத்திரைகளை எடுத்து வந்து தனப்பிரியாவிடம் ஒப்படைத்தாள். வெட்கத்தில் அவள் தலை நிமிரவில்லை.

கதை இதோடு முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போன வாரம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் புதிதாக ஒரு சித்தர் கிளம்பியிருக்கிறாராம். பஸ்ஸில் நிற்க இடமில்லையாம். அவர் கொடுப்பது சிவப்புத் தீர்த்தம். சுண்ணாம்புச் சோதனை அதில் செல்லாது.

மூளையே இல்லாத கிருமி பட்டுப் படித்துக்கொண்டது. செங்கோடன் பட்டதைப் பார்த்துப் புதுச் சித்தரும் படித்துக்கொண்டார். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறீர்களே, நீங்கள் எப்போது?