ஆறு சுற்றுக் கம்பி

திருகாணி உளுந்து மாவுக்குள் விழுந்துவிட்டது.

"எந்த மாவுக்குள்ள அண்ணை?" என்று உதவிச் சமையல்காரன் ஐங்கரன் கேட்டான்.

"வடை மாவுக்குள்ள. கத்தாதை. முதலாளிக்குக் கேக்கும்."

இராஜேந்திரன் பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் உள்ள ஓர் உணவகத்தின் சமையல்காரர். அரிசி மணியில் பாதிகூட இல்லாத அந்தத் திருகாணி, மத்தியான ஓய்வில் அவர் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த வேப் என்ற மின்சிகரெட்டினுடையது. மாவைத் தடவினார், அகப்படவில்லை. சல்லடையில் வடித்தார், மாவு போக மறுத்தது. கடைசியில் அறுபது வடையையும் சுட்டெடுத்து ஒவ்வொன்றாகப் பிய்த்தார்கள். திருகாணி ஐம்பத்தெட்டாவதில் இருந்தது. அன்று பின்னேரம் வந்தவர்களுக்குச் சம்பலோடு 'பிய்த்த வடை' என்றொரு புதுப் பலகாரம் கிடைத்தது. இரண்டு பேர் மறுநாளும் வந்து அதையே கேட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் பேத்தி. புறநகரான சார்செலில் இருக்கும் மகள் சுபாங்கி, குழந்தை பிறந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"அப்பா, சிகரெட் மணத்தோட வந்தா பிள்ளையைத் தூக்கத் தரமாட்டன். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிவுக்கு வரேக்க விட்டிருக்கோணும்."

முப்பது வருடம் புகைத்தவருக்கு முப்பத்தொரு நாள் தவணை. அவர் முகத்தைப் பார்த்து ஐங்கரன்தான் ஒரு பெட்டியை நீட்டினான்.

"இதைப் பிடியுங்கோ அண்ணை. ஆனா உள்ளுக்குச் சூடாகிற சுருளை நீங்களே கட்டோணும்."

"கட்டினது கடையில விக்கேல்லையே?"

"விக்குது. அது தெரியாத ஆக்களுக்கு."

அது போதுமாக இருந்தது.

"ஆர் தெரியாத ஆள்? யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடைக் காலத்தில சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்டவன் நான். எனக்கு உதொரு கம்பியே! இனி என்ரை வாயால புகை வந்தா, நான் சுத்தின கம்பியிலயிருந்துதான் வரும்."

அந்த றேடியோ அப்போது சொன்ன, இறந்தவர்களின் பெயர்களை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டைனமோவை மட்டும் சொல்வார்.

சிகரெட் பெட்டி குப்பைக்குள் போனது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மூன்று பேர் சாட்சி. மறுநாள் லா சப்பல் என்ற அந்தத் தமிழர் வட்டாரம் முழுவதற்கும் சத்தியம் தெரிந்திருந்தது. மனைவி தாட்சாயினிக்கு மட்டும் தெரியாது என்று அவர் நம்பினார். கட்டி முடித்த பிறகு சொல்வதாக எண்ணம்.

மெல்லிய கம்பியை ஒரு கம்பித்தண்டில் ஆறு சுற்றுச் சுற்ற வேண்டும். இரு முனைகளையும் திருகாணிகளில் இறுக்கி, நடுவில் பஞ்சு செருகி, புகை தரும் திரவத்தில் நனைக்க வேண்டும். சொல்ல அரை நிமிடம். முதற் சுருளின் முனை பக்கச் சுவரில் முட்டியது; வேப் பற்ற மறுத்தது. இரண்டாவதை இறுக்கிய திருகாணியே அறுத்தது. மூன்றாவது ஒரு பக்கம் மட்டும் சிவந்தது. நான்காவதற்குத்தான் வடை.

ஐந்தாவது, வீட்டில், சரியாகவே சிவந்தது. ஆனால் பஞ்சு முடிந்திருந்தது. சாமித் தட்டில் விளக்குத் திரிகள் இருந்தன. பஞ்சு பஞ்சுதானே என்று ஒன்றை எடுத்துச் செருகினார். வெள்ளிக்கிழமைக்கென்று தாட்சாயினி அவற்றை நெய்யில் ஊறப் போட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஓர் இழுப்புத்தான். கண்ணும் மூக்கும் ஒன்றாக ஓடின. வீடு முழுவதும் கோயில் மணம்.

கதவு திறந்தது.

"என்னப்பா, விளக்கு ஏத்தினியளோ?"

வேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ஓம்."

"கண் கலங்கியெல்லோ நிக்கிறியள்!"

"பக்தி."

தாட்சாயினி அவரைச் சற்று நேரம் பார்த்தாள். "அப்ப இனி ஒவ்வொரு நாளும் நீங்களே ஏத்துங்கோ. காலமை ஐஞ்சு மணிக்கு. குளிச்சுப்போட்டு."

அன்றிலிருந்து காலையில் விளக்கு, பகலில் வடை, பின்னேரத்தில் கம்பி. ஒரு சுருளில் பஞ்சு கூடிக் கருகியது; அடுத்ததில் குறைந்து, திரவம் சட்டைப்பையில் ஒழுகியது. வாசலில் நின்று புகைப்பவர்கள் "அண்ணை, றேடியோ பிடிபட்டுதோ?" என்று கேட்டார்கள். பதில் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை.

முப்பதாம் நாள் பதினேழாவது சுருளும் அறுந்தது. விடிந்தால் முப்பத்தொண்டு. அவர் மானத்தை விட்டுவிட்டு வேப் கடைக்குப் போனார். கல்லாவில் மெலானி என்ற பெண் இருந்தாள். ஐங்கரன் தந்த பெட்டியை மேசையில் வைத்து, குசினிப் பிரெஞ்சில் கேட்டார்: "தெரியாத ஆட்களுக்கான ஒன்று தாருங்கள்."

"நிக்கொட்டின் அளவு பார்க்க வேண்டும், மிஸ்யூ. கடைசியாக எப்போது புகைத்தீர்கள்?"

"முப்பது..." என்று தொடங்கியவர், தன் காதில் விழுந்ததைக் கேட்டுத் தானே நின்றுபோனார். "முப்பது நாளுக்கு முதல்."

மெலானி பெட்டியைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதைப் பழகாதவர்களுக்கு நான் விற்பதே இல்லை, மிஸ்யூ. ஆனால் ஐங்கரனோடு வந்த மதாம் ஒரே பிடியாக நின்றார்: 'கடையில் உள்ளதிலேயே, என் கணவரால் ஒருநாளும் கட்டி முடிக்க முடியாதது எதுவோ, அதைத் தாருங்கள்.'"