சிக்னல் பாதுகாப்புத் துறையும் ஒரு தையல் மெஷினும்

வீட்டுக் கேமராக்களின் நலன் கருதி, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, அரசாங்கம் 'சிக்னல் பாதுகாப்புத் துறை' என்று ஒன்றை நிறுவியிருந்தது. தையல்காரம்மா அங்கே மூன்றாம் தடவையாக வந்து நின்றாள்.

"திருடன் ஜாமர் வச்சு வாசல் கேமராவோட சிக்னலையே அடைச்சுட்டான் சார். ஒரு மூட்டைத் துணி போச்சு!"

"அடைச்சதுக்கு ஆதாரம்?" என்றார் அதிகாரி.

"கேமராவுலதான் ஒண்ணுமே பதிவாகலையே!"

"ஒண்ணும் பதிவாகலைங்கறது தெளிவாப் பதிவாகியிருக்கணும்மா. போய்க் கொண்டுவாங்க."

அவள் வீட்டுக்குத் திரும்பினாள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு மெஷின். அதுவும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

விஷயம் கேள்விப்பட்டு, தெருக்கோடி எலக்ட்ரீஷியன் தம்பி ஓடிவந்தான். "சிக்னல் இருந்தாத்தானே அக்கா அடைப்பான்? கேமராவுக்கு ஒயரை இழுத்துட்டா கதை முடிஞ்சது!" இழுத்துக் கட்டியும் விட்டான். தெருவே முகம் சுளித்தது. "இந்தக் காலத்துல போய் ஒயரா? ஐயய்யே!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மறுநாள் மதியம், அவள் பட்டன் வாங்கப் போன நேரம் பார்த்து மெஷினும் போயிற்று. ஆனால் திருடன் முகம் கல்யாண போட்டோ மாதிரி பளிச்! ஜாமரை நம்பிய மகராசன் கேமராவைப் பார்த்துத் தலைகூட வாரியிருந்தான். பதிவைத் தூக்கிக்கொண்டு அவள் துறைக்கு ஓடினாள்.

"அடடா, என்ன தெளிவு!" அதிகாரி சொக்கிப்போனார். "ஆனா நாங்க காக்கறது சிக்னலை. உங்க கேமராவுலதான் சிக்னலே இல்லையேம்மா?"

விதிப்படி, படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி அனுப்பப்பட்டது. அந்தப் பிரதியோடு திருடன் வந்து நின்றான். "என்னைக் கேக்காம படம் எடுத்திருக்காங்க சார்."

"ஆதாரம்?"

"இதோ."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. துறை தொடங்கிய நாள் முதல் ஆதாரத்தோடு வந்த முதல் மனு அதுதான். ஒயரைக் கழற்றும்படி அன்றைக்கே உத்தரவு பிறந்தது. ஒயர் தெருவின் அழகைக் கெடுத்தது என்று சாட்சிக் கையெழுத்துப் போட அக்கம்பக்கமெல்லாம் வரிசையில் நின்றது, வெட்கங்கெட்ட ஜனம்!

நிரூபிக்கப்பட்ட திருட்டு ஒன்றுகூட இல்லை என்று துறைக்கு விருது அறிவித்தார்கள். விழாவுக்குக் கோட்டு தைக்க அதிகாரி துணியோடு அவள் வாசலுக்கு வந்தார்.

"மெஷின் இல்லையே சார்."

"அட, மறந்தே போச்சு! அது யார்கிட்ட இருக்குன்னுதான் படத்துல தெளிவாத் தெரியுதே." நேரே போய்த் துணியைத் திருடனிடம் கொடுத்துவிட்டார். அதிகாரியே துணி கொடுக்கும் இடம் ஆயிற்றே! தெருவும் பின்னாலேயே மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டியது.

சாயங்காலம் திருடன் அவள் கதவைத் தட்டினான். கழுத்தில் அளவு டேப்பு.

"அக்கா, துணி மலையாக் குவிஞ்சு கெடக்கு. எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. வேலைக்கு வர்றீங்களா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே பொத்துக்கொண்டு வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"எத்தனை மணிக்கு வரணும், முதலாளி?"